தங்கபுஷ்பத்தின் வலது கால்

பங்குனி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, அருஞ்சுனை ஓர் உப்பு மூட்டையை லாரியில் இறக்கி வைத்தான். மூட்டை இறங்கியது, எடை இறங்கவில்லை.

அது இப்படித்தான் தொடங்கியது, இதில் கூட்டிச் சொல்லவும் குறைத்துச் சொல்லவும் ஒன்றுமில்லை. சிப்பியளம் என்கிற ஊரின் உப்பளத்தில் மூட்டை தூக்கும் நாற்பத்திரண்டு பேரில் அவனும் ஒருவன், வயது முப்பத்தொன்பது, பதினேழு வயதில் மடித்த சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவன். இரண்டு பேர் பிடித்து மூட்டையை முதுகில் ஏற்றிவிடுவதுதான் அங்கே வழக்கம். அன்றைக்கு லாரிக்காரன் அவசரப்படுத்தினான், ஏற்றிவிடுகிறவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள், யாரையும் காக்க வைப்பது அருஞ்சுனைக்குப் பிறவியிலேயே வராது. ஆகவே முழங்காலை மடக்காமல், இடுப்பை மட்டும் வளைத்து, வளைந்த வாக்கிலேயே உடம்பை இடது பக்கம் திருப்பி, ஒற்றை ஆளாகத் தரையிலிருந்து தூக்கினான். இடுப்புக்குள் ‘டொக்’ என்று ஒரு சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது.

மேலே மூட்டையை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த செல்லப்பாண்டி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏல அருஞ்சுனை, உப்பக் கொண்டான்னா பஞ்சக் கொண்டாந்திருக்க” என்றான். மூட்டையின் வாயை அவிழ்த்துப் பார்த்தார்கள், உப்புதான். நாக்கில் வைத்துப் பார்த்தார்கள், கரித்தது. அருஞ்சுனை பலகைவழியாகக் கீழே இறங்கி, பின்னால் கையைவிட்டு முதுகைத் தடவினான், மடித்துப் போட்ட வெறுஞ்சாக்குதான் இருந்தது, ஆனாலும் ஐம்பது கிலோ மூட்டை ஒன்று அதன்மேல் உட்கார்ந்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் இன்னும் பதினொரு மூட்டையைத் தொட்டான், பதினொன்றும் அப்படியே ஆனது, அவன் வீட்டுக்கு நடந்துபோன வழியில் அவனுடைய காலடிகள் மட்டும் வண்டித்தடம் போல ஆழமாகப் பதிந்து கிடந்தன.

அவனுடைய மனைவி தங்கபுஷ்பம் இதையெல்லாம் கேட்டு அழவுமில்லை, ஆச்சரியப்படவுமில்லை. “பிடிப்பு” என்றாள். “குப்புறப் படுங்க.”

அவள் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. தங்கபுஷ்பம் கால் முந்திப் பிறந்தவள். தலை முந்தி வருகிற பிள்ளைகளுக்கு நடுவே வலது காலை முதலில் வெளியே நீட்டிக்கொண்டு வந்தவள், அப்படிப் பிறந்தவர்கள் காலால் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது அந்தப் பக்கத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம், அதனால் ஏழு வயதிலிருந்து அவள் ஊரார் முதுகை மிதித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் விடிகிற நேரத்தில் அவள் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து குப்புறப் படுத்திருப்பார்கள், வலிக்கிற இடத்தில் அவள் மூன்று தரம் மிதிப்பாள், அவர்கள் எழுந்து ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும், கூலி வாங்கினால் கால் பலிக்காது. உப்பளத்தில் கால் வெடித்து முகம் கறுத்து நூறு பெண்களில் ஒருத்தியாக நிற்கிறவளுக்கு அந்த வலது கால் ஒன்றுதான் பெருமை. அதைத் தினமும் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தாள், தலைக்கு எண்ணெய் இல்லாத நாளில்கூட. அருஞ்சுனை படுத்தான், அவள் மூன்று தரம் மிதித்தாள், அவன் எழுந்து, “கொஞ்சம் தேவல” என்றான். அவன் எதற்கும் அப்படித்தான் சொல்வான்.

ஊர் இந்த அதிசயத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், மூன்று நாளில் பழகிக்கொண்டது. முதல் நாள் பாவம் என்றார்கள். இரண்டாம் நாள், தொட்டால் போதுமா, தூக்க வேண்டாமா என்று விசாரித்தார்கள். மூன்றாம் நாள் உப்பளத்து வாசலில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நாற்காலி பொழுதுக்குள் உடைந்தது, அதனால் ஒரு கருங்கல்லை உருட்டிவந்து போட்டார்கள், அதில் அவன் உட்கார்ந்திருக்க மற்ற நாற்பத்தொரு பேரும் வரிசையாக மூட்டையோடு வந்து அவன் கையில் இடித்துவிட்டு, பூக்கூடை தூக்குகிற மாதிரி தலையில் இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் தொடுவதற்கு முன்னாலேயே எடைமேடையில் நிறுத்துவிடுவது என்று முதலாளி வீட்டிலிருந்து உத்தரவு வந்தது, அதற்குமேல் அவர்கள் எதுவும் கேட்கவில்லை. செல்லப்பாண்டிக்கு நான்கு வருஷமாக இருந்த இடுப்பு வலி போயிற்று. பாதிப் பேர் மாத்திரையை நிறுத்தினார்கள். மூட்டைக்காரர் சங்கத்தின் தலைவர் ஞானதுரை, அருஞ்சுனைக்கு மாலை போட்டு, “உக்காந்த எடத்துல சம்பளம், ஒனக்கு வந்த ராசி யாருக்கு வரும்” என்றார், எல்லாரும் கைதட்டினார்கள், அருஞ்சுனையும் தட்டினான்.

பிறகு உப்பு அல்லாததும் வந்தது. கல்யாணச் சீர் பீரோவை மாடிக்கு ஏற்ற வேண்டும், அண்ணாச்சி ஒரு கை வைத்துவிட்டுப் போனால் போதும் என்றார்கள். ஆட்டுரலைப் பின்வாசலுக்கு நகர்த்த வேண்டும் என்றார்கள். மேலத்தெருவில் பருத்த உடம்புக்காரர் ஒருவர் இறந்துபோனபோது பாடையைத் தூக்குவதற்கு முன்னால் அவனைக் கூட்டிப்போய்த் தொடச் சொன்னார்கள், தொட்டான், நான்கு பேர் பேசிச் சிரித்தபடி சுடுகாட்டுக்குப் போனார்கள், அவன் வீட்டுக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. தங்கபுஷ்பத்துக்கு அன்று கோபம் வந்தது.

“வேண்டாம்னு சொல்ல வாய் இல்லியா ஒங்களுக்கு?”

“எப்படிட்டி சொல்ல? அவன் அவன் இடுப்பொடிஞ்சு நிக்கான். எனக்குத் தொடுத வேலதான.”

நல்லவேளையாக எடை முழுக்க அவனிடமே தங்கிவிடவில்லை. அவன் தொட்ட உப்பு எங்கோ தூரத்து ஊர்களில் குழம்பிலும் கஞ்சியிலும் கரைந்தபோது அதன் எடையும் அவன் முதுகிலிருந்து கரைந்தது, இதை அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். “போன மாசம் ஏத்துனது இறங்கிட்டுது, எங்கயோ சமைச்சிட்டாங்க” என்பான் காலையில் எழும்போது. பாடையின் எடை எரித்த அன்றே போயிற்று. ஆட்டுரலின் எடையும் பீரோவின் எடையும் மட்டும் போகவேயில்லை, கல்யாணப் பெண் பீரோவில் பட்டுப்புடவை அடுக்கிச் சந்தோஷமாக இருந்தாள். ஆனால் ஊர் உலகம் உப்பைக் கரைக்கிற வேகத்தைவிட சிப்பியளம் உப்பை ஏற்றுகிற வேகம் அதிகமாக இருந்தது, ஆகவே பங்குனியைவிடச் சித்திரையில் கூனினான், சித்திரையைவிட வைகாசியில் கூனினான்.

ஆனி மாதம் வலி இடுப்பைவிட்டுக் காலுக்கு இறங்கியது. இடது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக வந்து, கெண்டைக்காலைச் சுற்றி, கட்டைவிரல் வரைக்கும் கரண்டு கம்பியைத் தொட்ட மாதிரி இழுத்தது. தும்ம முடியவில்லை, இருமினால் கண்ணில் தண்ணீர் வந்தது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உடம்பு ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. ஆடியில் ஒரு நாள் அவன் இடது காலில் செருப்பில்லாமல் வீட்டுக்கு வந்தான். “செருப்பு எங்கே?” என்று தங்கபுஷ்பம் கேட்டபோது குனிந்து பார்த்து, “கழண்டது தெரியலியே” என்றான். அந்த வாரம் இரண்டு நாளுக்குப் பதிலாக நான்கு நாள் மிதித்தாள். மிதிக்கும்போது உள்ளங்காலுக்குக் கீழே ஏதோ ஒன்று நழுவிக் கொடுப்பதை உணர்ந்தாள், பிடிப்பு விடுகிறது என்று நினைத்துக்கொண்டாள், வேறு என்ன நினைப்பாள்.

புரட்டாசி இரண்டாம் வாரத்தில் அவன் வலி தாங்காமல் கதவு நிலையைக் கடித்தான். அதற்குப் பிறகுதான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவன் உட்கார்ந்ததும் பஸ் இடது பக்கம் சாய்ந்தது, கண்டக்டர் திரும்பிப் பார்க்காமலே, “அந்தப் பக்கம் நாலு பேர் இந்தப் பக்கம் வாங்க” என்று சொல்லிவிட்டு டிக்கெட் கிழித்தார். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற மெஷினில் அவன் ஏறியதும் முள் ஒரு சுற்றுச் சுற்றி அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. “இது எப்பவும் இப்படித்தான்” என்று நர்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்து ஐம்பத்தாறு என்று எழுதினாள். அதிசயங்களை எழுதிக்கொள்ள அந்தச் சீட்டில் இடம் இல்லை.

டாக்டரம்மா வயதில் சின்னவள், ஆனால் சலித்துக்கொள்ளாதவள். அவனைப் படுக்க வைத்து இடது காலை நீட்டியபடியே மெல்லத் தூக்கினாள், ஒரு முழம் உயர்வதற்குள் அவன் கத்திவிட்டான். கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னாள், அது அசையவில்லை. பிறகு ஸ்கேன் எடுத்து, படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் தொட்டுக் காட்டினாள்.

“முதுகெலும்பு ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கியிருக்கு, தெரியுதா? ரெண்டு எலும்புக்கு நடுவுல ஒரு ஜவ்வு. வெளிய கெட்டி, உள்ள நுங்கு மாதிரி. குனிஞ்சு திரும்பி கனத்தைத் தூக்கும்போது ஒரு பக்கம் நசுங்கி, இன்னொரு பக்கம் பிதுங்கிடும். இவருக்குப் பிதுங்கி காலுக்குப் போற நரம்பை அழுத்துது. வலி கால்ல இல்ல, இங்க இருந்துதான் வருது.”

“மூட்டைய இறக்குனேன் டாக்டரம்மா, அதோட வெயிட்டு இறங்கல” என்றான் அருஞ்சுனை. ஆறு மாதத்தில் அவன் அதைச் சொன்ன முதல் வெளி ஆள் அவள்தான்.

“மூட்டை தூக்குறவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க” என்றாள் அவள், எழுதிக்கொண்டே.

கத்தி வைக்கணுமா என்று தங்கபுஷ்பம் கேட்டாள். இப்போது வேண்டாம், பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தானாகவே வற்றிப்போகும், ஆறு வாரம் ஒரு சொம்பு கூடத் தூக்கக் கூடாது, படுத்தே கிடக்கவும் கூடாது, மெல்ல நடக்க வேண்டும், மாத்திரை, சொல்லித் தருகிற பயிற்சி, அவ்வளவுதான் என்றாள் டாக்டரம்மா. பிறகு அவன் சட்டையைத் தூக்கி இடுப்பைப் பார்த்தவள், அங்கே கன்றிப்போயிருந்த இடத்தில் விரலை வைத்து, “இதென்ன? யாராவது மிதிச்சாங்களா?” என்று கேட்டாள்.

தங்கபுஷ்பம் வலது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இல்ல டாக்டரம்மா” என்றான் அருஞ்சுனை. “கட்டில் சட்டம் அமுங்குனது.”

“யாரும் மிதிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, நீவக் கூடாது. இன்னொண்ணு முக்கியம். ரெண்டு காலும் மரத்துப்போச்சுன்னாலோ, உக்கார்ற இடத்துல உணர்வு இல்லேன்னாலோ, ஒண்ணுக்கு வராம நின்னுட்டாலோ, மறுநாள் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. அன்னிக்கே, அந்த நிமிஷமே இங்க கொண்டு வந்துடணும். லேட்டானா காலு திரும்பாது.”

தங்கபுஷ்பம் அந்த மூன்றையும் மனதுக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கணவன் தனக்காகப் பொய் சொன்னதும் அவளுக்குப் புரிந்தது, அந்தப் பொய் இனிப்பாக இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. அவள் கால் தப்பு செய்திருக்கும் என்று அவளால் நினைக்கவே முடியவில்லை, நினைத்தால் ஏழு வயதிலிருந்து மிதித்த ஒவ்வொரு முதுகையும் திரும்ப நினைக்க வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் அருஞ்சுனை யாரையும் எதையும் தொடவில்லை. காலையும் மாலையும் தெருக்கோடி வரைக்கும் நடந்தான், டாக்டரம்மா சொன்னபடி மல்லாந்து படுத்து முழங்காலை மார்புக்கு இழுத்தான், தங்கபுஷ்பம் அவனை மிதிக்கவில்லை. ஊர் ஊராக உப்பு கரைந்தது. ஒவ்வொரு நாளும் அவன் விரற்கடை நிமிர்ந்தான். பதினைந்தாம் நாள் தும்மினான், தும்மிவிட்டு, வலிக்காததைக் கண்டு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிப்பியளத்தில் அந்த வருஷம் அவர்கள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

பதினாறாம் நாள் ஞானதுரை வந்தார், பின்னால் எட்டுப் பேர். புரட்டாசி முடியப் போகிறது, ஐப்பசி மழை விழுந்தால் திறந்த வெளியில் கிடக்கிற உப்பு எல்லாம் வந்த வழியே கடலுக்குப் போய்விடும், வருஷம் முழுக்க வெயிலில் வெந்து எடுத்த உப்பு மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது, பழையபடி முதுகில் தூக்கினால் பதினைந்து நாள் ஆகும், அருஞ்சுனை வந்தால் ஐந்து நாள். இவ்வளவையும் அவர் அருஞ்சுனையிடம் சொல்லவில்லை, தங்கபுஷ்பத்திடம் சொன்னார்.

“டாக்டரம்மா ஆறு வாரம் சொல்லியிருக்காவ” என்றாள் அவள்.

“தூக்கத்தான மைனி கூடாதுன்னாவ? இவன் தூக்கவா போறான்? உக்காந்து தொடப்போறான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்படியே ஒண்ணுன்னாலும் வீட்டுலேயே வைத்தியம் இருக்கு. ஒங்க காலு ஊருக்கே கேக்கும்போது ஒங்க வீட்டுக்காரருக்குக் கேக்காதா? நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போனா, நாளைக்கு ஒங்க வாசல்ல எவன் வந்து படுப்பான்?” என்றார்.

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளை வீழ்த்தியது. அருஞ்சுனை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் வேண்டாம் என்றால் அவனும் வேண்டாம் என்பான், அவனுக்காக ஒரு வேண்டாம் சொல்ல உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவள்தான். “அஞ்சு நாளுதான?” என்றாள் தங்கபுஷ்பம்.

அந்த ஐந்து நாளும் அவன் அந்தக் கருங்கல்லில் உட்கார்ந்தான், மூட்டைகள் வந்து அவனை இடித்துக்கொண்டு போயின, லாரிகள் நிறைந்தன. ஆனால் வழியில் பாலத்து வேலை நடந்ததால் ஒரு லாரியும் ஊரைவிட்டுப் போகவில்லை. பதினெட்டு லாரிகள் தார்ப்பாய் மூடி, கயிறு இறுக்கி, உப்பளத்துக்கு வெளியே வரிசையாக நின்றன. அந்த உப்பை யாரும் சமைக்கவில்லை, ஒரு கல்கூடக் கரையவில்லை, மொத்த எடையும் அவன்மேல் இருந்தது. முதல் நாள் கல் கணுக்கால் அளவு மண்ணில் இறங்கியது. மூன்றாம் நாள் கல்லையே காணவில்லை, அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். தினமும் வேலை முடிந்ததும் அங்கேயே அவனைக் குப்புறப் படுக்கவைத்து அவள் மிதித்தாள், ஏனென்றால் அவனால் வீட்டுக்கு நடக்க முடியவில்லை. நான்காம் நாள், “கொஞ்சம் தேவலயா?” என்று அவள் கேட்டபோது அவன் முதல் தடவையாக அந்த வார்த்தைக்குப் பதிலாகத் தண்ணீர் கேட்டான்.

ஐந்தாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. லாரியில் ஏற்ற இடமில்லாமல் நூறு மூட்டை மட்டும் வெளியே அடுக்கிக் கிடந்தது, அதையும் அவன் தொட்டு முடித்திருந்தான். தங்கபுஷ்பம் தண்ணீர் கொண்டுபோனபோது அவன் குப்புறக் கிடந்தான்.

“புஷ்பம், ரெண்டு காலும் மரத்துப்போச்சு.”

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். “ஒண்ணுக்குப் போனீங்களா?”

“காலையிலேருந்து வரல. உக்காருத எடமும் தெரியல. நேத்தே கொஞ்சம் அப்படித்தான் இருந்துது. சொன்னா நீ பயப்படுவன்னு சொல்லல.”

மூன்றும் வந்துவிட்டன. அவள் போட்ட கூச்சலில் நாற்பத்தொரு பேரும் ஓடிவந்தார்கள், ஒருவன் லாரியைக் கிளப்பினான், பாலத்தைச் சுற்றி வயலுக்குள் இறக்கியாவது போய்விடலாம் என்றான், ஆறு பேர் அருஞ்சுனையைத் தூக்கக் குனிந்தார்கள். அவன் அசையவில்லை. பன்னிரண்டு பேர் பிடித்தார்கள். இருபது பேர் பிடித்தார்கள். இடுப்புக்குக் கீழே கயிறு கொடுத்து, மூங்கில் கட்டி, நாற்பத்தொரு பேரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள், மூங்கில் முறிந்தது, அவன் தலைமயிர்கூட அசையவில்லை. அத்தனை பேருடைய சுமையையும் வாங்கிக்கொண்டவனை அத்தனை பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை, ஆறு மாதம் பூக்கூடை தூக்கிப் பழகிய உடம்புகள் அவை.

“மைனி” என்றார் ஞானதுரை, மூச்சு வாங்க. “ஒங்க காலு இருக்கு.”

“மிதிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ.”

“டாக்டரம்மா இங்க வந்து தூக்குவாவளா? பிடிப்ப விட்டா எடை விடும். மிதிங்க.”

எல்லாரும் அவள் காலைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது, ஆனால் அவளிடம் வேறு எதுவும் இல்லை, அந்தக் காலைத் தவிர வேறு எதையும் யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. புடவையைச் செருகிக்கொண்டு அவன் இடுப்பில் ஒரு தரம் மிதித்தாள். அவன் மண்ணைக் கடித்தான். இரண்டாம் தரம் மிதித்தாள். உள்ளங்காலுக்குக் கீழே நுங்கு பிதுங்குகிற மாதிரி ஒன்று பிதுங்கியது, டாக்டரம்மா சொன்னது இதைத்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது, புரிவதற்குள் மூன்றாம் தரமும் கால் இறங்கிவிட்டது.

எடை அவனை விட்டது. விட்டு அவள் காலுக்கு வந்தது. பதினெட்டு லாரி உப்பும், வெளியே கிடந்த நூறு மூட்டையும், ஆட்டுரலும், எவளோ ஒருத்தியின் பீரோவும் தங்கபுஷ்பத்தின் வலது காலில் ஏறின. அந்தக் கால் அருஞ்சுனையின் முதுகெலும்பின் மேல் இருந்தது. அவளால் அதை எடுக்க முடியவில்லை.

தொடையைப் பிடித்து இழுத்தார்கள், இடுப்பைக் கட்டி இழுத்தார்கள். அவன் கத்தினான், அவள் அவனைவிடக் கத்தினாள். அப்போது மழை பெய்தது, நின்று நிதானித்துப் பெய்கிற ஐப்பசி மழை. வெளியே கிடந்த நூறு மூட்டையும் நனைந்து, சாக்கு வழியாக உப்புத்தண்ணீர் வழிந்து, மூட்டைகள் ஒவ்வொன்றாக வற்றின, அவை வற்ற வற்றத் தங்கபுஷ்பத்தின் கால் ஒரு நூல் அளவுக்கு லேசானது. அவள் அதை உணர்ந்தாள். திரும்பி, தார்ப்பாய் மூடி நின்ற லாரிகளைப் பார்த்தாள்.

“தார்ப்பாய எடுங்க!” என்று கத்தினாள். “உப்பு கரஞ்சா எடை இறங்கும்! எல்லாத்தையும் அவுத்து விடுங்க!”

எல்லாருக்கும் புரிந்தது. புரியாமல் நின்றோம் என்று பின்னால் சொன்னார்கள், அது பொய். நாற்பத்தொரு பேரும் மழையில் நனைந்தபடி லாரிகளைப் பார்த்தார்கள், அவற்றுக்குள் ஒரு வருஷத்து வெயில் இருந்தது, தீபாவளி இருந்தது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருந்தது. “முதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டிருவோம்” என்றார் ஞானதுரை. கீழே சிக்னல் இல்லை, ஆகவே லாரி மேல் ஏறி போனைக் காதில் வைத்து நின்றார். கீழே ஒருவன், எல்லா லாரியும் வேண்டாம், நான்கு போதும் என்றான். எந்த நான்கு என்று இன்னொருவன் கேட்டான். என் தம்பி ஓட்டுகிற லாரி அதில் சேராது என்றான் மூன்றாமவன். செல்லப்பாண்டி ஒரு லாரிக் கயிற்றின் முடிச்சில் கை வைத்தான், மற்றவர்கள் அவனைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டான். பேசினார்கள், யோசித்தார்கள், மழை பெய்தது. தங்கபுஷ்பம் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், யார் யார் முதுகை எந்தக் கிழமை மிதித்தாள் என்று சொல்லிக் கூப்பிட்டாள், பிறகு பேர்கள் தீர்ந்துபோயின. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அருஞ்சுனையின் கத்தல் முனகலாகி, முனகலும் நின்றது.

நின்ற கொஞ்ச நேரத்தில் அவன் சேற்றில் பதிந்திருந்த முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினான். அதில் வலி இல்லை. தூங்கி எழுந்தவன் முகம் மாதிரி இருந்தது.

“புஷ்பம்” என்றான். “காலை எடுத்துட்டியா?”

அவள் கால் அவன் இடுப்பின் மேலேயேதான் இருந்தது.

“நல்லவேள எடுத்த. இப்பதான் சொகமா இருக்கு. வலியே இல்ல, பாத்துக்க. பங்குனியிலேருந்து இப்படி இருந்ததே இல்ல.”

பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி அவள் காலைப் பார்த்தார்கள். லாரி மேல் ஞானதுரை போனைக் காதிலிருந்து எடுத்தார். தங்கபுஷ்பம் தன் காலைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

“எடுத்துட்டேங்க” என்றாள்.

செல்லப்பாண்டி முதல் கயிற்றை அவிழ்த்தான். அவனைத் தொடர்ந்து மற்றவர்களும் போனார்கள், எந்த லாரி யார் லாரி என்று யாரும் கேட்கவில்லை, பதினெட்டுத் தார்ப்பாயும் இறங்கின, உப்புத்தண்ணீர் தெருவைப் பார்த்து வெள்ளமாக ஓடியது, பொழுது அடைகிற நேரத்தில் ஆட்டுரலும் பீரோவும் மட்டும் மிஞ்சிய தங்கபுஷ்பத்தின் வலது கால் மெல்ல எழுந்தது. பிறகு அருஞ்சுனையைச் செல்லப்பாண்டி ஒருவனே இரண்டு கையில் தூக்கிக்கொண்டு போய், உயிரில்லாத கால்கள் இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி தொங்க, வாய் மட்டும் “சொகமா இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருக்க, லாரியில் படுக்க வைத்தான். அவ்வளவு லேசாக இருந்தான்.